ஒரு கதலிப்பழத்துக்குள் கலத்தின் நான்கு மூலக்கூறுகள்

பத்தாம் தரத்தில் படிக்கும் என் பெறாமகள் ஒரு நாள் விஞ்ஞானக் கொப்பியோடு வந்து உட்கார்ந்தாள். காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம் என்று நான்கையும் ஒப்புவித்துவிட்டு, "சித்தி, இதெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். மேசையில் வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கதலிச் சீப்பு இருந்தது. அதையே பிரித்துப் பார்த்தோம். நீங்களும் செய்து பாருங்கள், ஆய்வுகூடம் தேவையில்லை.

முதலில் காபோவைதரேற்று. ஒரு பச்சைக் காய், நன்றாகக் கனிந்த ஒரு பழம், இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, காயத்துக்குப் போடும் அயடீனை ஒரு துளி விடுங்கள். காய் கருநீலமாக மாறும். பழத்தில் அந்த நிறம் மிகக் குறைவாகவே வரும். காயிலுள்ள காபோவைதரேற்றான மாப்பொருள் என்பது குளுக்கோசு என்ற சீனி மணிகள் கோத்த நீண்ட மாலை. அதில் சுருளாக இருக்கும் பகுதிக்குள் அயடீன் நுழையும்போதுதான் அந்த நிறம் தோன்றுகிறது. காய் பழுக்கும்போது நொதியங்கள் (இரசாயன மாற்றங்களை விரைவாக்கும் புரதங்கள்) மாலையை அறுத்துச் சீனியாக்கிவிடுகின்றன. பழம் இனிப்பதும் நிறம் வராததும் இதனால்தான். கலச்சுவரில் உள்ள செலுலோசும் இதே குளுக்கோசால் ஆனதே. மணிகள் இணையும் விதம்தான் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் மாப்பொருள் நமக்குச் சமிக்கிறது, செலுலோசு சமிப்பதில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தது நியூக்கிளிக்கமிலம். அதில் ஒரு வகையான, பரம்பரைத் தகவலைச் சுமக்கும் டி.என்.ஏ.யை எடுப்போம். மற்ற இரண்டு மூலக்கூறுகளும் வழியிலேயே வந்துவிடும்.

பாமசியில் ஸ்பிரிட் (அற்ககோல்) வாங்கி, நன்றாக மூடி, ஐஸ்கட்டி நிறைந்த கிண்ணத்தில் அரை மணி நேரம் வையுங்கள். கொழும்பு வெக்கையில் இது நல்லது, குளிர்ந்த ஸ்பிரிட்டில் டி.என்.ஏ. இன்னும் நன்றாகத் திரளும். அது தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பழத்தை பொலித்தீன் பையில் போட்டுக் கையால் நன்றாகப் பிசையுங்கள். கலச்சுவர்கள் உடைவது இங்கேதான். இன்னொரு கோப்பையில் அரைக் கோப்பை தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். நான் முதல் தடவை எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்தேன். கோப்பை முழுக்க நுரை, ஒன்றுமே தெரியவில்லை. அதனால் நுரை வராமல் கலக்குவது முக்கியம்.

இதைப் பழத்தோடு சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். கலத்தையும் கருவையும் சுற்றியிருக்கும் மென்சவ்வு பெரும்பாலும் இலிப்பிட்டால் ஆனது. சட்டியிலுள்ள எண்ணெயைச் சவர்க்காரம் கரைப்பதுபோலவே இந்த மென்சவ்வையும் கரைத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். ஆனால் அது தனியாக வராது, புரதங்களைச் சுற்றிக்கொண்டு வரும். ஒரு தேக்கரண்டி புதிய அன்னாசிச் சாறு விட்டால் அதிலுள்ள புரோமலெயின் என்ற நொதியம் அந்தப் புரதங்களை வெட்டும். பெட்டியில் விற்கும் சாறு சூடாக்கப்பட்டது, நொதியம் செயலிழந்திருக்கும், ஆகவே அது உதவாது.

இனித் தேநீர் வடியில் மெல்லிய துணி போட்டு வடியுங்கள். வடித்த நீரை ஒரு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் கால்வாசிக்கு எடுத்து, குவளையைச் சாய்த்து, குளிர்ந்த ஸ்பிரிட்டை ஓரமாக, சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். அது மேலே தனிப்படையாக நிற்க வேண்டும். வடித்த நீரின் அளவுக்கு ஊற்றினால் போதும், 70 வீத ஸ்பிரிட் என்றால் இரண்டு மடங்கு ஊற்றுங்கள்.

அசைக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டு படையும் சந்திக்கும் இடத்தில் முதலில் புகை மாதிரி ஒன்று தெரியும், பிறகு அது வெள்ளை நூலாகக் கூடி, சிறு குமிழிகளோடு மேலே எழும். என் பெறாமகள் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைக் குவளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பல்குச்சியால் மெல்லச் சுற்றினால் சளி மாதிரி இழுபடும்.

டி.என்.ஏ.யில் உள்ள பொசுபேற்று என்ற பகுதிகள் மறை மின்னேற்றம் கொண்டவை. உப்பிலுள்ள சோடியம் அந்த ஏற்றத்தைச் சமப்படுத்துகிறது. ஸ்பிரிட்டில் டி.என்.ஏ. கரையாததால் இழைகள் திரண்டு வெளியே வருகின்றன.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சுற்றியெடுப்பது தூய டி.என்.ஏ. அல்ல, அதோடு பெக்டின் என்ற கலச்சுவர்ப் பொருளும், மற்றொரு நியூக்கிளிக்கமிலமான ஆர்.என்.ஏ.யும், கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும். 1869இல் பிரீட்ரிக் மீஷர் என்ற சுவிஸ் விஞ்ஞானி, காயக்கட்டுத் துணிகளின் சீழிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்து 'நியூக்கிளின்' என்று பெயரிட்டதும் முழுத் தூய்மையானதல்ல.

நூலை ஒரு சிறு போத்தலில் ஸ்பிரிட்டோடு போட்டு மூடினால் பல நாள் இருக்கும். எங்களுடையது இப்போது அவளுடைய மேசையில், கதலி என்று எழுதி ஒட்டிய போத்தலில் இருக்கிறது.