தார்ச்சாலைக் கலவை: தார் எவ்வளவு, சுண்ணாம்பு எதற்கு?

மழைக்காலம் முடிவதற்குள் பெங்களூரின் பல தெருக்களில் ஜல்லி பெயர்ந்துவிடுகிறது. வடிகால் ஒரு காரணம். இன்னொன்று, இங்கே கிடைக்கும் கிரானைட் வகைக் கல். சிலிக்கா அதிகமுள்ள கல் தாரைவிடத் தண்ணீரைத்தான் விரும்பிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கலவையை ஊறவைத்துப் பார்க்காமல் முடிவு செய்யவே கூடாது. மார்ஷல் சோதனை (கலவையை அச்சில் போட்டுச் சுத்தியலால் அடித்து, அந்த உருளை மாதிரியின் வலிமையைப் பார்ப்பது) தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் எடை. தார் சதவீதம் மொத்தக் கலவைக்கு, ஜல்லிக்கு அல்ல. 1200 கிராம் மாதிரியில் 5.4% என்றால் தார் 64.8 கிராம், ஜல்லி 1135.2 கிராம். ஜல்லியையே 1200 கிராம் எடுத்தால் அதே 64.8 கிராம் தார் 5.12% ஆகிவிடும். சூடு பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி வேண்டாம், மேல்பரப்பை மட்டும்தான் காட்டும். கம்பி வெப்பமானியை உள்ளே குத்திப் பார்ப்பதே நல்லது.

அப்புறம் விஜி-30 (பாகுத்தன்மையை வைத்துப் பிரித்த ஒரு தார் ரகம்) தாரை அரை அரை சதவீதமாகக் கூட்டி, மாதிரியின் இருபுறமும் சுத்தியலால் 75 அடி அடித்து, காற்றிடைவெளி (கலவைக்குள் காற்று நிற்கும் இடம்) 4% வரும் அளவைக் குறியுங்கள். தார் குறைந்தால் படலம் மெலிந்து சீக்கிரம் வெடிக்கும். கூடினால் வெயிலில் கசிந்து சக்கரத் தடம் விழும்.

கிரஷர் தூளில் (கல்லுடைக்கும்போது வரும் தூள்) ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஜல்லி எடையில் 2% நீற்றிய சுண்ணாம்புத் தூள் போடுங்கள். தார் கல்லை விடாமல் பிடிக்க அது உதவும்.

இனி ஊறல் சோதனை. பலர் சறுக்குவது இங்கேதான். 75 அடி வாங்கிய மாதிரியில் தண்ணீர் நுழைய வழி குறைவு, சுமாரான கலவையும் தேறிவிடும். அடிகளைக் குறைத்து இடைவெளியை 7%க்குக் கொண்டுவாருங்கள். எத்தனை அடி என்பது கலவைக்குக் கலவை மாறும், அடித்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பாதி மாதிரிகளில் வெற்றிடப் பம்பால் நீரேற்றி, 60 டிகிரி நீரில் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் அழுத்திப் பிளக்கவும். ஊறியதன் வலிமை ஊறாததில் 80%க்குக் குறையக்கூடாது. பிளந்த முகத்தையும் பாருங்கள். தார் உரிந்து கல் பளிச்சென்று தெரிந்தால், எண் தேறினாலும் அந்தக் கலவையை நான் ஏற்க மாட்டேன்.

பின்சேர்க்கை: பிளாஸ்டிக் சேர்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறையில், துருவிய பிளாஸ்டிக்கை முதலில் சூடான ஜல்லியில் போட்டு, அது உருகிக் கல்லைப் பூசியதும் தார் ஊற்ற வேண்டும். தார் எடையில் 6 முதல் 8% போதும். பிவிசி கூடவே கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். சேர்த்த கலவைக்கு அதிகபட்ச ஒப்படர்த்தியை (காற்றிடைவெளியே இல்லாதபோது கலவை தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) புதிதாக அளந்துகொள்ளுங்கள். பழைய எண்ணை வைத்தால் காற்றிடைவெளிக் கணக்கு முழுக்கத் தப்பாகும்.