"இருந்தேன்" என்றதும் எத்ர் இல்லை: பிரெஞ்சில் ப்ளுஸ்-க-பார்ஃபெ கட்டும் முறை

"பேசியிருந்தேன்", "முடித்திருந்தோம்", "விற்றிருந்தார்கள்": பிரெஞ்சின் ப்ளுஸ்-க-பார்ஃபெ என்ற காலம் இந்த வகைதான். கடந்துபோன ஒரு நிகழ்ச்சிக்கும் முன்பே முடிந்துவிட்ட ஒன்றைச் சொல்வது. தமிழருக்கு இதில் பொருளும் புதிதில்லை, அமைப்பும் புதிதில்லை. வினை ஒரு துண்டு, துணைவினை ஒரு துண்டு. ஆளைக் காட்டும் விகுதி துணைவினையில் ஏறும். தமிழில் துணைவினை பின்னால் நிற்கும், பிரெஞ்சில் முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

திருமலையிலிருந்து (திருகோணமலை) டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சுத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு வில்லங்கமே இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. "இருந்தேன்" என்றதும் கை தானாக "எத்ர்" என்ற "இரு" வினைக்குப் போகும். "சாப்பிட்டிருந்தேன்" என்பதற்கு "ஜெத்தெ மான்ஜே" என்று எழுதினால், ஏதோ ஒன்று உங்களைத் தின்றுவிட்டதாக அர்த்தம் வரும். சரியானது "ஜவெ மான்ஜே". பெரும்பாலான வினைகளுக்குத் துணை "அவ்வார்", அதாவது "வைத்திரு" என்னும் வினைதான்.

முதலில் துணைவினையை எழுதிப் பழகுங்கள். எழுத்துகளை இங்கே ஆங்கிலப் பெயரால் சொல்கிறோம் ("டி" என்பது T). ஒலிகளைத் தமிழில் கிட்டத்தட்டத்தான் காட்ட முடியும். அடி: ஏ-வி. அதோடு,

நான், நீ: ஏ-ஐ-எஸ் (ஜவெ, த்யு அவெ)
அவன், அவள்: ஏ-ஐ-டி (இலவெ, எலவெ)
நாங்கள்: ஐ-ஓ-என்-எஸ் (நூஸவியோன்)
நீங்கள்: ஐ-இ-இசட் (வூஸவியே)
அவர்கள்: ஏ-ஐ-இ-என்-டி (இல்ஸவெ)

நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் துணைவினையின் ஒலி ஒரே "அவெ". அதனால் காதை நம்பி எழுதினால் பிழை நிச்சயம். ஒருமையும் பன்மையும் பிரிவது இடையில் வரும் "ஸ்" ஒலியில், அதுவும் இசட்டைப் போல அதிர்ந்து: இலவெ, இல்ஸவெ. எத்ருக்கும் விகுதிகள் இவையேதான். அடி மட்டும் இ-டி. அந்த இ-க்கு மேல் வலப்பக்கம் உயரும் சாய்கோடு கட்டாயம்.

அடுத்தது வினைத்துண்டு. இ-ஆரில் முடியும் வினையில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, சாய்கோடு போட்ட இ வையுங்கள். ஒழுங்கான ஐ-ஆர் வினை என்றால் ஐ மட்டும் (ஃபினிர், ஃபினி). ஒழுங்கான ஆர்-இ வினை என்றால் யூ (வான்த்ர், வான்த்யு). முதல் வகையில்தான் மதிப்பெண் அதிகம் பறிபோகிறது. "பேச" என்னும் பார்லேயும் "பேசி" என்னும் பார்லேயும் காதுக்கு ஒன்று. அவெக்குப் பிறகு இ-ஆர் வரவே வராது.

எத்ரை எப்போது எடுப்பது? போதல், வருதல், புறப்படுதல், நுழைதல், விழுதல், தங்குதல், பிறத்தல், இறத்தல் போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கும், "ஸ" சேர்ந்து தன்னையே குறிக்கும் வினைகளுக்கும். பொருளைப் பார்த்து ஊகிக்காதீர்கள். பட்டியலை மனப்பாடம் செய்வதே நல்லது. நிலாவெளிக் கரையில் நின்று "புறாத்தீவுப் படகு புறப்பட்டிருந்தது" என்று சொல்ல வேண்டுமா? பார்திர் வினையானால் "லு பத்தோ எத்தெ பார்தி". அதே படகு கரையை விட்டுப் போனதைக் கித்தே வினையால் சொன்னால் "லு பத்தோ அவெ கித்தே லா ப்ளாஜ்". படகு ஒன்று, துணைவினை வேறு.

மோன்தே, தெஸான்த்ர் என்ற இரண்டுக்கும் தமிழ் இலக்கணமே கை கொடுக்கும். தமிழில் ஏறு, இறங்கு என்று வந்தால் பெரும்பாலும் எத்ர். ஏற்று, இறக்கு என்று வந்தால் அவ்வார். கோணேசர் கோயிலுக்கு நாங்கள் ஏறியிருந்தோம்: "நூஸெத்தியோன் மோன்தே". பையை மேலே ஏற்றியிருந்தோம்: "நூஸவியோன் மோன்தே லு ஸாக்". காதுக்கு இரண்டு மோன்தேயும் ஒன்றுதான், எழுத்தில் முதலாவதின் கடைசியில் ஓர் எஸ் கூடும். எத்ரோடு வரும் வினைத்துண்டு எழுவாயைப் பார்த்து மாறும் என்பதே காரணம்: பெண்ணானால் ஓர் இ, பலரானால் எஸ், பெண்கள் மட்டுமானால் இரண்டும். அவ்வாரோடு இந்த வேலை இல்லை. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எதிர்மறை துணைவினையைத்தான் சூழும்: "ஜ நவெ பா பார்லே". "ஏற்கெனவே" என்ற தேஜாவும் துணைவினைக்கு அடுத்தே உட்காரும்.

இனி, எங்கே பயன்படுத்தக்கூடாது என்பது. "பார்த்துக்கொண்டிருந்தேன்" இந்தக் காலமில்லை. "கொண்டு" வந்தால், நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் வெறும் அன்பார்ஃபெ போதும்: "ஜ ரகார்தெ". "நேற்று மாமா வந்திருந்தார்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், அதற்குப் பிறகு வேறொன்றும் நடக்கவில்லை என்றாலும். பிரெஞ்சில் அதை ப்ளுஸ்-க-பார்ஃபெயில் சொன்னால், "அப்புறம் என்ன?" என்று கேட்பவர் காத்திருப்பார். அங்கே சாதாரண இறந்தகாலமான பஸே கொம்போஸே: "மோனோங்க்ல் எ வன்யு".

"-இருந்தால்" வந்தால் தமிழும் பிரெஞ்சும் திரும்ப ஒத்துப்போகும். "நீங்கள் முன்பே பேசியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்": "ஸி வூஸவியே பார்லே ப்ளு தோ, ஜொரெ அத்தான்த்யு". "-ஆல்" என்னும் பொருள் தரும் ஸிக்குப் பக்கத்தில் அவெ வகை, மறுபக்கத்தில் "-இருப்பேன்" என்னும் ஒரெ வகை. ஸியை அடுத்து ஒரெ வைத்தால், வாக்கியத்தின் மீதி முழுக்கச் சரியாக இருந்தாலும் அது பிழைதான்.