சொந்த இணையதளம்: முதல் பக்கம் எழுதும் முன்பே ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

எச்டிஎம்எல் கொஞ்சம் கற்றுக்கொண்டு, தனக்கென்று நாலைந்து பக்கத்தில் ஒரு தளம் கட்ட நினைப்பவர்களுக்கான பதிவு இது. நோட்பேடும் ஒரு பிரவுசரும் இருந்தால் போதும். பக்கத்தை அழகாக்கச் சொல்லித்தரும் வீடியோக்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. ஃபைலை எங்கே வைப்பது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதைத்தான் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். இந்த மாதிரி எளிய தளத்தில் உங்கள் ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும்தான் பக்கத்தின் முகவரி. இன்று போகிறபோக்கில் வைத்த பெயரை நாளைக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார், இன்னொருவர் புக்மார்க் செய்துவைப்பார். அதன்பின் பெயரை மாற்றினால் அத்தனை லிங்கும் செத்துப்போகும். அதனால்தான் இந்த வேலையை முதலிலேயே செய்யச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, சில கட்டுரைகளும் வேடந்தாங்கலில் எடுத்த பறவைப் படங்களும் கொண்ட ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். படிக்க வசதியாக ஃபைல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். காரணம் மூன்றாம் படியில்.

படி 1: ஒரே ஒரு தாய் ஃபோல்டர்

டாக்குமெண்ட்ஸுக்குள் 'மை-சைட்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும் வேண்டாம். அங்கே வைத்தது எப்போது அழியும் என்று சொல்ல முடியாது. தளத்துக்கு வேண்டியது எல்லாம் இதற்குள், வேண்டாதது எதுவும் இதற்குள் இல்லை. இந்த விதியைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். இந்த ஃபோல்டரில் இருப்பது அப்படியே இணையத்துக்குப் போகிறது. அரைகுறைக் குறிப்பு, ஸ்கேன் செய்த ஆதார், பழைய பயோடேட்டா எதுவும் இதற்குள் தங்கக் கூடாது. லிங்க் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு ஃபைல் மறைந்திருக்கும் என்று நம்பாதீர்கள். தளத்தை இணையத்தில் ஏற்றிவைக்கும் சேவையான கிட்ஹப் பேஜஸின் இலவசக் கணக்கில், தளத்தின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் களஞ்சியமே பொதுவில்தான் இருக்கும்; யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களுக்கும் வரைவுகளுக்கும் பக்கத்திலேயே 'மை-சைட்-மூலம்' என்று தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கையோடு இன்னொன்று. விண்டோஸ் வழக்கமாக ஃபைலின் வால்பெயரை, அதாவது பெயரின் கடைசியில் வரும் '.எச்டிஎம்எல்' போன்ற பகுதியை, மறைத்துவிடும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் நோட்பேடில் சேமித்தது 'அபவுட்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி' ஆகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், பிரவுசரோ பக்கத்தைக் காட்டாமல் கோடிங்கை அப்படியே காட்டும்.

படி 2: உள்ளே என்னென்ன

மை-சைட்/
— இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்
— அபவுட்.எச்டிஎம்எல்
— கட்டுரை/
—— வேடந்தாங்கல்.எச்டிஎம்எல்
— படம்/
—— கூழைக்கடா-01.ஜேபிஜி
— ஸ்டைல்/
—— மெயின்.சிஎஸ்எஸ்

இவ்வளவுதான். 'இண்டெக்ஸ்' என்ற பெயரை மட்டும் மாற்றாதீர்கள். யாராவது தளத்தின் பெயரை மட்டும் தட்டி வந்தால் தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் முதலில் தேடுவது அதைத்தான். 'ஹோம்' என்று பெயர் வைத்தால் தளம் திறக்காது.

மூன்று கட்டுரைக்கு ஆண்டு, மாதம், தலைப்பு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடத் தேவையில்லை. ஒரே ஃபோல்டரில் தேடுவது சிரமமாகும்போது பிரித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பிரித்தால் முகவரியும் மாறும். ஆகவே நிறைய எழுதப்போகிறேன் என்று இப்போதே தெரிந்தவர்கள் மட்டும், கட்டுரைக்குள் ஆண்டுவாரியாக ஃபோல்டர் போட்டுத் தொடங்குங்கள்.

படி 3: பெயர் வைப்பது

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இதுதான்.

எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்து. விண்டோஸுக்குப் பெரிய 'ஏ'வும் சிறிய 'ஏ'வும் ஒன்றுதான். நீங்கள் தளத்தை ஏற்றும் ஹோஸ்டிங் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தில். அதற்கு இரண்டும் வேறு வேறு. கேமரா கொடுக்கும் பெயரில் 'ஜேபிஜி' பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் நீங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். வீட்டில் படம் தெரியும், ஏற்றியபின் தெரியாது.

இடைவெளி விடாதீர்கள். முகவரியில் ஒவ்வொரு இடைவெளியும் %20 என்று மாறும். வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பினால் லிங்க் இடைவெளியோடு அறுந்துபோகும். சொற்களுக்கு நடுவே ஹைஃபன் போடுங்கள். கீழ்க்கோடு போட்டாலும் வேலை செய்யும், ஆனால் லிங்க்கின் அடிக்கோட்டில் அது மறைந்துவிடும். கூகுளும் ஹைஃபனையே பரிந்துரைக்கிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்கலாம், இன்றைய பிரவுசர்கள் திறக்கும். இருந்தும் வேண்டாம் என்பேன். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். 'அம்மா' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் அதில் மொத்தம் 5 குறிகள். லிங்க்கை நகலெடுத்து ஒட்டினால் அது 45 எழுத்தாக வந்து விழும். ஒரு தலைப்பு முழுவதையும் இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தமிழ் இருக்க வேண்டிய இடம் பக்கத்தின் உள்ளே: தலைப்பு, கட்டுரை, படவிளக்கம் எல்லாம். அங்கே எழுத்து சிதையாமலிருக்க, ஒவ்வொரு பக்கத்தின் ஹெட் பகுதியிலும் முதல் வரியாக யூடிஎஃப்-8 மெட்டா டேகை (<meta charset="utf-8">) சேர்த்துவிடுங்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூழைக்கடாவின் 'ழை'யை ஒரு ஃபைலில் 'இசட் எச்' போட்டும் இன்னொன்றில் வெறும் 'எல்' போட்டும் எழுதினால், லிங்க் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். எண்களை 01, 02 என்றும், தேதியை 2025-01-14 என்றும் எழுதுங்கள். வரிசை எந்தக் கணினியிலும் கலையாது.

படி 4: லிங்க் கொடுப்பது

முகப்பிலிருந்து கட்டுரைக்கு 'கட்டுரை/வேடந்தாங்கல்.எச்டிஎம்எல்' என்று எழுதினால் போதும். அந்தக் கட்டுரைக்குள் கூழைக்கடாவின் படத்தைக் காட்ட வேண்டும். படம் இருப்பது அடுத்த ஃபோல்டரில். இப்படி எழுதுங்கள்:

../படம்/கூழைக்கடா-01.ஜேபிஜி

இரண்டு புள்ளிக்கு 'ஒரு படி மேலே போ' என்று பொருள். கட்டுரை ஃபோல்டரை விட்டு வெளியே வந்து, படம் ஃபோல்டருக்குள் நுழைகிறது. இரண்டு அடுக்கு உள்ளே இருந்தால் ../../ என்று இரண்டு முறை.

'சி' டிரைவிலிருந்து தொடங்கும் முகவரியைப் பக்கத்தில் எழுதக் கூடவே கூடாது; அது உங்கள் கணினியில் மட்டுமே இருக்கும் இடம். விண்டோஸ் காட்டும் இடப்பக்கம் சாய்ந்த கோட்டையும் நகலெடுக்காதீர்கள். இணையத்தில் எப்போதும் / இதுதான்.

கோட்டிலேயே தொடங்கும் முகவரியில், அதாவது '/படம்/' என்பதில், ஒரு சிக்கல் உண்டு. அது தளப்பெயரின் உச்சியிலிருந்து தேடும். கிட்ஹப் பேஜஸில் உங்கள் தளம் 'பயனர்.கிட்ஹப்.ஐஓ/மை-சைட்/' என்ற துணை முகவரியில் இருந்தால், தேடல் மை-சைட்டைத் தாண்டி மேலே போய்விடும்; படமும் வராது, ஸ்டைலும் வராது. புதியவர்கள் புள்ளி முறையிலேயே எழுதிப் பழகுங்கள்.

படி 5: படங்கள்

மூலப் படத்தை மூலம் ஃபோல்டரிலேயே விட்டுவிட்டு, 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிரதியை மட்டும் படம் ஃபோல்டரில் போடுங்கள். ஐஃபோனின் எச்இஐசி ஃபைலைப் பெரும்பாலான பிரவுசர்கள் காட்டாது, ஜேபிஜியாக மாற்றிவிடுங்கள்.

படி 6: ஏற்றும் முன் ஒரு சோதனை

மை-சைட் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டு வேறொரு கணினியில் திறந்து, ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பாருங்கள். படம் ஏதாவது வரவில்லை என்றால் அதன் முகவரி உங்கள் கணினியை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறிய பிழை மட்டும் இந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம், ஏனென்றால் அந்தக் கணினியும் விண்டோஸாக இருக்கலாம். ஏற்றியபின் மொபைலில் திறந்து இன்னொரு முறை பாருங்கள். ஏற்றும்போது மை-சைட் ஃபோல்டரை அல்ல, அதற்குள் இருப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். இண்டெக்ஸ் ஃபைல் மேல்தட்டில் இருந்தால்தான் தளம் திறக்கும்.

ஏற்றிய பிறகு பெயரை மாற்ற வேண்டியிருந்தால்

முடிந்தவரை மாற்றாதீர்கள். வேர்ல்ட் வைட் வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையதளத்தை, 2013-ல் செர்ன் பழைய முகவரியிலேயே மறுபடி நிறுத்தியது. ஒரு முகவரிக்கு அத்தனை மதிப்பு. மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய ஃபைலை அழிக்காமல் அதே பெயரில் விட்டுவையுங்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, 'இந்தப் பக்கம் இங்கே இருக்கிறது' என்று புதிய முகவரிக்கு ஒரு லிங்க் மட்டும் கொடுங்கள்.