பழைய ரயில்வே கைவிளக்கை மறுபடி எரிய வைப்பது எப்படி?

நம் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். அதனால் மண்ணெண்ணெய் சிக்னல் விளக்கு இங்கே பழைய இரும்புக் கடைகளில் லேசில் அகப்படாது. எனக்குக் கிடைத்தது செங்கோட்டைப் பக்கம் மீட்டர்கேஜ் காலத்தில் ரயில் கார்டு வைத்திருந்த கைவிளக்கு. முன்னால் ஒரு குண்டு லென்ஸ். உள்ளே திருப்பினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாறும்.

முதலில் மேல்மூடியைத் திறந்து புகைபோக்கியைப் பாருங்கள். என்னுடையதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

கடற்காற்றில் துருப்பிடித்த திருகாணிகளுக்கு டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து விட்டு, இரண்டு இரவு அப்படியே விடுங்கள். நெருப்புக் காட்டிச் சூடாக்க வேண்டாம், தகரத்தை இணைத்திருக்கும் ஈயப்பற்று இளகிவிடும். கிரைண்டரும் வேண்டாம், மெல்லிய தகரம் ஓட்டையாகிவிடும். எனக்குக் கை பிரஷ்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் வாட்டர் பேப்பரை நனைத்தே தேயுங்கள்.

பித்தளை பர்னருக்குப் புளியும் உப்பும் போதும். குத்துவிளக்கு தேய்க்கிற வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணெய்த் தொட்டியை நிரப்பி ஒரு இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். கசிந்தால், ஓட்டையை ஈயத்தால் பற்றவைக்கும் முன் சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வாசனை போகும்வரை காயவிடுங்கள். உள்ளே ஆவி இருந்தால் தீப்பிடிக்கும்.

அப்புறம் கண்ணாடி. நான் ஏமாந்தது இங்கேதான். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று இருந்தது. யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, நாகர்கோவிலில் ஒரு கடையில் "அண்ணாச்சி, நல்ல பச்சையில் ஒண்ணு வெட்டித் தாங்க" என்று வாங்கி வந்து மாட்டினேன். ஏற்றிப் பார்த்தால் பழுத்த வாழையிலை மாதிரி மஞ்சளடித்தது. பழைய கண்ணாடியை மறுபடி மாட்டியதும் சுத்தமான பச்சை! மண்ணெண்ணெய்ச் சுடரில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். நீலம் சாய்ந்த கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடுவதால் மிஞ்சுவது பச்சை. ஆகவே நீலமாகத் தெரிகிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

திரியின் மேல்விளிம்பில் இரு மூலைகளையும் லேசாக வெட்டி, சுடரைச் சின்னதாக வையுங்கள். பெரிதாக்கினால் லென்ஸில் கரி படியும்.

பின்சேர்க்கை: விளக்கின் கதவை மூடினால் சுடர் அணைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். அடியில் இருந்த காற்றுத் துளைகளையும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார். ஊசியால் குத்தித் திறந்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவர் வெள்ளை எல்இடி வைத்தாராம், பச்சை நீலமாகத் தெரிகிறதாம். தெரியத்தான் செய்யும். மஞ்சள் சாயலான வெள்ளை ('வார்ம் ஒயிட்') எல்இடி போடுங்கள்.

சோதித்துப் பார்ப்பதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு இரணியல் ஸ்டேஷன் பக்கம், அதனால் மொட்டை மாடிக்குக்கூடக் கொண்டுபோவதில்லை. சிவப்பு மட்டுமல்ல, வெள்ளை விளக்கை வேகமாக ஆட்டினாலும் ஓட்டுநருக்கு 'நில்' என்றுதான் அர்த்தம்.