பழைய செவர்லே சி10 பிக்கப்பில் பவர் பிரேக் பொருத்தும் முறை

1967 முதல் 1970 வரை வெளிவந்த செவர்லே சி10 பிக்கப்புகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருந்தது. எஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு பெடலின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் வேண்டுமென்றால் கூடுதலாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வழக்கமான பாகமாக வந்தது 1971ஆம் ஆண்டு மாடலில்தான். ஆகவே, இந்த வண்டியை இன்றைய சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் முன்பக்கம் டிஸ்க்கும் அதனுடன் ஒரு பூஸ்டரும் சேர்த்துப் பொருத்துவது வழக்கம்.

பூஸ்டர் வண்டியை நிறுத்துவதில்லை. காலின் உழைப்பைத்தான் குறைக்கிறது. வண்டியை நிறுத்துவது லைனிங்கும் (டிரம்மில் உரசும் பட்டை) டயரும்தான். எனவே வீல் சிலிண்டர் கசிந்துகொண்டோ ரப்பர் ஹோஸ் வெடித்தோ கிடக்கும் வண்டியில் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். பூஸ்டர் வந்த பிறகு குழாய்களுக்குள் அழுத்தம் கூடும். தேய்ந்துபோன பாகம் எதுவோ அது அப்போது முதலில் கைவிடும். டிரம்மைத் திறக்கும்போது அங்குள்ள தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. அக்கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதால், ஈரத்துணியாலோ பிரேக் கிளீனராலோ நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

டிஸ்க் மாற்றினால் பூஸ்டரும் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் ஷூ, டிரம்மின் சுழற்சியால் தானே இழுபட்டு மேலும் அழுந்திக்கொள்ளும். அதனால் காலின் விசை குறைவாக இருந்தாலும் பிடிப்பு கிடைத்தது. டிஸ்க்கின் பேடுகளுக்கு அந்த உதவி கிடையாது. அவற்றுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும்.

பூஸ்டரின் அளவைத் தேர்ந்தெடுக்கும் முன் வாக்குவம் கேஜ் ஒன்றை இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அளவைப் பாருங்கள். பாதரச அளவில் 18 அங்குலம் கிடைத்தால் கவலையில்லை. பூஸ்டருக்குள் வெற்றிடம் இழுக்கும் சவ்வு 9 அங்குல விட்டமுள்ளதானால் அதன் பரப்பு ஏறக்குறைய 63 சதுர அங்குலம். 18 அங்குல வெற்றிடத்தில் சதுர அங்குலத்துக்கு 8.8 பவுண்டு வீதம், கணக்கின்படி 560 பவுண்டு வரை விசை வரும். 7 அங்குல பூஸ்டரில் அதே வெற்றிடம் 340 பவுண்டு மட்டுமே தரும். நடைமுறையில் இரண்டிலுமே இதைவிடச் சற்றுக் குறையும். பார்வைக்கு அடக்கமாக இருக்கிறது என்று 7 அங்குலத்தை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் பலர். இடமிருந்தால் 9 அங்குலமோ, இரட்டைச் சவ்வுள்ள 8 அங்குலமோ வாங்குவதே நல்லது. பந்தயத்துக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட் போட்டதால் வெற்றிடம் 12, 13 அங்குலத்தோடு நின்றுவிடும் எஞ்சினில் எந்த வாக்குவம் பூஸ்டரும் திருப்தி தராது. அத்தகைய வண்டிக்கு மின்சார வாக்குவம் பம்ப் சேர்ப்பதோ, பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோபூஸ்டுக்கு மாறுவதோதான் வழி.

பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க்–டிரம் அமைப்புக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். டிரம்முக்கான பழைய சிலிண்டரில், வெளியேறும் வழியில் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் சிறு வால்வு இருக்கலாம். அந்த வழியில் டிஸ்க்கை இணைத்தால் பேடுகள் விடாமல் உரசிக்கொண்டே சூடேறும். உட்துளை 1 அங்குலமா, 1⅛ அங்குலமா என்பதும் முக்கியம். பெரிய துளையில் பெடல் குறைந்த தூரமே இறங்கும். ஆனால் அதே விசைக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெடல் விகிதத்தையும், அதாவது காலின் விசையைப் பெடல் எத்தனை மடங்காக்குகிறது என்பதையும், கவனியுங்கள். பூஸ்டர் இல்லாத அமைப்பு ஏறக்குறைய 6:1 என்றும், பூஸ்டர் உள்ளது 4:1 என்றும் இருக்கும். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் பல பெடல்களில் தண்டை மாட்ட இரண்டு துளைகள் உண்டு, பூஸ்டருக்குக் கீழ்த்துளை.

டிஸ்க் பாகங்களை 1971–72 வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவருபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவற்றில் சக்கரத்தை மாட்ட ஐந்து போல்ட். உங்கள் வண்டியின் பின்பக்கம் ஆறு போல்ட். இரண்டு வகை ஸ்டெப்னி சுமக்க விருப்பமில்லையென்றால் ஆறு போல்ட்டுக்கான ரோட்டரை (பேடுகள் பிடிக்கும் தட்டு) தேடி வாங்குங்கள்.

இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை கேட்பது பூஸ்டரின் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டனின் குழிக்குள் பட்டாணி அளவு களிமண்ணை வைத்து, சிலிண்டரை பூஸ்டரோடு சேர்த்துக் கையால் இறுக்கிவிட்டு மீண்டும் கழற்றிப் பாருங்கள். தண்டின் நுனி பதிந்த இடத்தில் மிச்சமிருக்கும் களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. அது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தண்டு நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுமையாகத் திரும்பாது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே இருப்பதால், நாலைந்து மைல் ஓடியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். குட்டையாக இருந்தால் பெடலின் முதல் இறக்கம் வீணாகும். களிமண்ணைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிறகே இறுதியாகப் பொருத்துங்கள்.

அதற்கு முன் மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து, வெளிவழிகளிலிருந்து சிறு குழாய்களைத் தொட்டிக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை மெதுவாகத் தள்ளிக் காற்றை எடுத்துவிட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு வண்டியில் மாட்டிய பின் மணிக்கணக்கில் பெடலை மிதித்துப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டரின் இரு தொட்டிகளில் பெரியது டிஸ்க்குக்கு. சிலிண்டருக்குக் கீழே காம்பினேஷன் வால்வை இணையுங்கள். பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் அங்கே அழுத்தத்தைக் குறைப்பதும், பின் ஷூக்கள் நகரும்வரை முன் டிஸ்க்கைச் சற்றே காக்கவைப்பதும் அதன் வேலை. புதுக் குழாய் போட்டால் எஃகு அல்லது தாமிர–நிக்கல் கலவைக் குழாய்தான். வெறும் தாமிரக் குழாய் கூடாது. முனைகள் இரட்டை மடிப்பாக விரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வாக்குவம் ஹோஸைக் கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்கு மேலே உள்ள துளையில் மாட்டாதீர்கள். ஐடிலில் அங்கே வெற்றிடம் இருக்காது. மேனிஃபோல்டிலிருந்தே நேராக எடுத்து, பூஸ்டர் முனையில் செக் வால்வுடன் (ஒருவழி வால்வு) இணையுங்கள். பெடலின் உயரம் மாறியிருக்கும் என்பதால் பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்தாக வேண்டும்.

டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் போதும். சிலிக்கோனாலான டாட் 5ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட இந்த வண்டியில் பின்வலம், பின்இடம், முன்வலம், முன்இடம் என்ற வரிசையில் காற்றை எடுங்கள்.

பிறகு எஞ்சினை அணைத்த நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்றே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஹோஸையும் செக் வால்வையும் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பின்சக்கரம் முந்திப் பூட்டுகிறதா என்று கவனித்த பின்னரே பெருஞ்சாலைக்குப் போங்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு குழாய் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் அந்த இணைப்பைத் திரும்பவும் கழற்றிப் பொருத்த வேண்டும்.