குடிநோயோடு மனச்சோர்வும் இருந்தால்: எதை முதலில், எதை எப்போது

"குடியை நிறுத்திவிட்டு வரட்டும், மனச்சோர்வை அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவதில்தான் பலர் கைநழுவிப் போகிறார்கள். இரண்டையும் ஒரே குழு சேர்த்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்தை எப்போது தொடங்குவது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் வாரம் உடம்புக்கு. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இடம், நேரம் மறந்து பிதற்றும் நிலை 2 முதல் 4 நாட்களில். முன்பு வலிப்பு வந்தவரை வீட்டில் வைத்து நிறுத்த முயலவே கூடாது. மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயஸெபம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதற்குப் பதில் அதே வகை மருந்தான லோராஸெபம். தயமின் (வைட்டமின் B1) ஊசியை குளுக்கோஸ் ஏற்றும் முன்பே போட்டுவிடுவது நல்லது. தயமின் குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

அடுத்து, சோர்வு எங்கிருந்து வருகிறது? ஒரு தாளில் கோடு போட்டு, குடி தொடங்கிய வயது, குடிக்காமல் இருந்த மாதங்கள், மனம் ஒடிந்த காலங்கள் மூன்றையும் குறியுங்கள். குடும்பத்தாரையும் கேளுங்கள், நோயாளியின் கணக்கும் அவர்கள் கணக்கும் அபூர்வமாகத்தான் ஒத்துப்போகும். குடிக்கு முன்பே, அல்லது குடிக்காத மாதங்களிலும் சோர்வு இருந்திருந்தால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். குடித்த காலத்தில் மட்டும் இருந்தால் 2 முதல் 4 வாரம் பொறுத்து, வாராவாரம் மதிப்பிடுங்கள். பலருக்குத் தானாகவே தணியும். தற்கொலை எண்ணம் இருந்தால் இந்தக் காத்திருப்பே கிடையாது.

மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கும்; பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். "பத்து நாளாச்சு, ஒன்றும் ஆகலையே" என்று மறுபடி பாட்டிலை எடுப்பது இந்த இடைவெளியில்தான். குடிவேட்கைக்கு நால்ட்ரெக்ஸோன் தினம் 50 மில்லிகிராம். டிரமடால் போன்ற அபின் வகை வலிமருந்து எடுப்பவருக்குக் கூடாது. 2010-இல் வெளியான, 170 பேரிடம் 14 வாரம் நடந்த ஆய்வில், இவ்விரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடிக்காமல் இருந்தனர். ஒன்றை மட்டும் எடுத்தவர்களில் அது சுமார் கால்வாசிதான். கல்லீரல் மோசமென்றால் நால்ட்ரெக்ஸோனுக்குப் பதில் அகாம்ப்ரோசேட். அதற்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். குடித்தால் உடம்பைப் படுத்தும் மருந்தான டைசல்ஃபிரத்தைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலப்பது உயிருக்கே உலை. பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினும் இவர்களுக்கு ஆபத்து: மொத்தமாக விழுங்கினால் இதயத்தைத் தாக்கும்.

மறுபடி குடித்துவிட்டால் மனச்சோர்வு மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து, அடுத்த சந்திப்பை இரண்டு மூன்று நாளுக்குள் வையுங்கள். தற்கொலை அபாயம் கூடும் நாட்கள் அவை.