சொந்த ஆபீஸுக்குக் குடிபோகும் டிசைன்காரர்களுக்கு

கோவையில் வாடகை மாடியில் நாலு பேராகத் தொடங்கினோம். பதினோரு பேர் ஆனதும் சொந்தமாகக் கட்டினோம். பிளான் போடும் முன் ஒரு வாரம் பழைய ஆபீஸைச் சும்மா கவனியுங்கள்: யார் எங்கே கூடி நின்று பேசுகிறார்கள், எந்த ஒயர் காலில் தட்டுகிறது.

கலர் பார்க்கும் மேசை வடக்கு ஜன்னலோரம் இருக்கட்டும். நான் மேற்கே போட்டேன். சாயங்கால வெயிலில் சாம்பல் நிறம் பழுப்பாகத் தெரிந்து, இரண்டு ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரித் தாள்) குப்பைக்குப் போயின. அங்கே சுவருக்கு நடுத்தரச் சாம்பல்தான் அடிக்க வேண்டும். ஆசைப்பட்டு மஞ்சள் அடித்தால் அந்தச் சாயல் தாளிலும் விழும். விளக்கொளியின் நிறம் 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல். எலக்ட்ரீஷியன் "எல்லாம் வெள்ளைதானே சார்" என்பார், விடாதீர்கள்.

மேசைக்கு ஆறு பிளக் பாயிண்ட், அதில் மூன்று யூபிஎஸ் லைனில். ஏசி அந்த லைனில் வேண்டாம். பூச்சு வேலைக்கு முன் பைப் ஓடும் சுவர்களை, அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு டிரில் போடும்போது அதைத்தான் தேடுவீர்கள்.

நெட் கனெக்ஷனுக்குப் பால் காய்ச்சுவதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜிஎஸ்டியில் முகவரி மாற்றத்துக்கு 15 நாள்தான் கெடு. அதை ஆடிட்டர் தலையில் கட்டிவிட்டேன்.